மூளைக்குள் பொட்டாசியம் எவ்வளவு? அயனி மின்முனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரோடு இருக்கும் மூளையில் பொட்டாசியம், கால்சியம், சோடியம், ஹைட்ரஜன் அயனிகளின் அளவு நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று காட்டும் மெல்லிய உணரிகள், அதாவது அயனி மின்முனைகள், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கின்றன. வேதியியல் மாணவர்களும் மருத்துவம் படிப்பவர்களும் இவற்றைப் பற்றி வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பொட்டாசியத்துக்கே அதிக இடம் போயிருக்கிறது. மூளை அயனிகளில் நன்றாகத் தெரிந்த கதை அதனுடையதுதான்.

ரத்தப் பரிசோதனையிலேயே சோடியம், பொட்டாசியம் அளவு வந்துவிடுகிறதே. மூளைக்குள் தனியாக ஏன் அளக்க வேண்டும்?

ரத்தத்தில் இருக்கும் அளவு மூளையில் இருப்பதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். சாப்பாடு, உடலுழைப்பு, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். மூளை செல்களுக்கு இடையே உள்ள திரவத்திலோ அது 3 மில்லிமோலை ஒட்டியே நிற்கிறது. ரத்த நாளச் சுவரில் உள்ள ரத்த-மூளைத் தடுப்பும், நரம்பு செல்களைச் சூழ்ந்து பராமரிக்கும் கிளியா செல்களும் சேர்ந்து அதை அங்கே பிடித்து வைக்கின்றன.

இந்த 3 மில்லிமோலுக்கு ஏன் இவ்வளவு காவல் என்று கேட்கலாம். நரம்பு செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் சுமார் 140 மில்லிமோல் இருக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் செல்லின் ஓய்வு மின்னழுத்தத்துக்கு அடிப்படை. செல்லுக்குள் இருக்கும் 140-இல் 3 மில்லிமோல் கூடினாலும் குறைந்தாலும் செல்லுக்குத் தெரியாது. வெளியே 3 மில்லிமோல் கூடினால் அங்கே அளவு இரட்டிப்பாகிவிடும். அதோடு வெளியே இருக்கும் இடமும் மிகக் குறைவு. மூளையின் கனஅளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் செல்களுக்கு இடையிலான வெளி. நரம்பு செல் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அந்த இடுக்கில் கொஞ்சம் பொட்டாசியத்தைக் கொட்டுகிறது. கொட்டியதைத் திரும்ப உள்ளே இழுக்க சோடியம்-பொட்டாசியம் பம்பு ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கிறது. இந்தக் கணக்கு எதுவும் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் தெரியாது.

அயனியை மின்முனை எப்படி அளக்கிறது? மூளைக்குள் மின்சாரம் பாய்ச்சுவார்களா?

பாய்ச்சுவதில்லை. இது மின்னழுத்தத்தை மட்டும் படிக்கும் முறை. ஒரு சவ்வின் இரு பக்கமும் ஒரே அயனி வெவ்வேறு அளவில் இருந்து, அந்தச் சவ்வு அந்த அயனியை மட்டுமே ஏற்பதாக இருந்தால், சவ்வின் குறுக்கே ஒரு மின்னழுத்தம் உருவாகும். அதற்கும் செறிவுகளின் விகிதத்துக்கும் உள்ள தொடர்பை வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-இல் எழுதினார். உடல் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸில், ஒற்றை மின்சுமை கொண்ட அயனியின் செறிவு பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் 61.5 மில்லிவோல்ட் மாறும். கால்சியம் போல இரட்டை மின்சுமை இருந்தால் அதில் பாதிதான், சுமார் 31 மில்லிவோல்ட்.

இதை மூளையின் எண்களில் போட்டுப் பார்ப்போம். பொட்டாசியம் 3-இலிருந்து 4 மில்லிமோலாகக் கூடினால் மின்முனை காட்டும் மாற்றம் 7.7 மில்லிவோல்ட். 3-இலிருந்து 12 ஆனால் 37 மில்லிவோல்ட். 60 ஆனால் 80 மில்லிவோல்ட்.

திரையில் தெரிவது மில்லிவோல்ட் மட்டும்தான் என்பதை மறக்கவே கூடாது. மில்லிமோல் என்பது நாம் கணக்குப் போட்டு எழுதுவது. ஒரு மில்லிவோல்ட் பிசகினால் பொட்டாசியத்தில் கிட்டத்தட்ட 4 சதவீதமும் கால்சியத்தில் 8 சதவீதமும் பிழை வரும். இந்தத் துறையில் பாதி உழைப்பு, அந்த மில்லிவோல்ட் வேறு எதிலிருந்தும் வரவில்லை என்று உறுதி செய்வதற்கே போகிறது.

பக்கத்திலேயே 150 மில்லிமோல் சோடியம் இருக்கிறதே. 3 மில்லிமோல் பொட்டாசியத்தை மட்டும் எப்படிப் பிரித்தறிகிறது?

கேள்விகளில் முக்கியமானது இதுதான். பதிலில் வாலினோமைசின் என்ற மூலக்கூறு இருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் மூளையில் பயன்பட்ட மின்முனைகளில் கார்னிங் நிறுவனத்தின் அயனிமாற்றித் திரவம் இருந்தது. ஜான் வாக்கர் 1971-இல் அதை நுண்குழாயின் முனையில் நிரப்பிக் காட்டினார். அந்தத் திரவம் சோடியத்தைவிடப் பொட்டாசியத்தைச் சுமார் 50 மடங்கு அதிகமாக விரும்பும். கேட்கப் பெரிய எண் போல இருக்கும். ஆனால் சோடியம் 150 மில்லிமோல் இருக்கும் இடத்தில், 150-ஐ 50-ஆல் வகுத்தால் 3 வருகிறது. அதாவது சோடியம் மட்டுமே 3 மில்லிமோல் பொட்டாசியம் போல வேஷம் போடும். அளக்க வேண்டியதும் 3, குறுக்கீடும் 3. இந்தக் குறுக்கீட்டைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் சமன்பாடு உண்டு. அதற்கு நிக்கோல்ஸ்கி, ஐசன்மேன் இருவரின் பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது. என்றாலும் சமன்பாட்டை நம்பிக் கழிப்பதைவிடக் குறுக்கீடே இல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

வாலினோமைசின் ஒரு மண் பாக்டீரியா உண்டாக்கும் நுண்ணுயிர்க்கொல்லி. 1955-இல் பிரித்தெடுக்கப்பட்டது. வளைய வடிவம் கொண்டது. வளையத்தின் வெளிப்புறம் எண்ணெய்த் தன்மை உடையது; உட்புறத்தில் ஆறு ஆக்சிஜன் அணுக்கள் நடுவை நோக்கி நிற்கின்றன. நீரில் இருக்கும் அயனியைச் சுற்றி எப்போதும் நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். வளையத்துக்குள் நுழைய அயனி அந்த நீரைக் களைய வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். பொட்டாசியம் உள்ளே போனால் ஆறு ஆக்சிஜனும் கச்சிதமாக அதைத் தொட்டுக்கொண்டு அந்தச் செலவை ஈடுகட்டிவிடுகின்றன. சோடியம் அளவில் சிறியது. அம்மாவின் கைக்குச் செய்த வளையல் குழந்தையின் கையில் நிற்காதது போல, வளையம் அதை இறுகப் பிடிக்க முடியாது. நீரைக் களைந்த செலவு சோடியத்துக்கு நஷ்டம்தான். எனவே அது வெளியிலேயே நின்றுவிடுகிறது. சூரிச்சில் வில்ஹெல்ம் சைமனின் குழு 1960-களின் பிற்பகுதியில் இந்த மூலக்கூறை மின்முனைச் சவ்வாக்கியது. தேர்வுத்திறன் சுமார் 10,000 மடங்கு. மேலே போட்ட கணக்கை மீண்டும் போட்டால் சோடியத்தின் குறுக்கீடு 0.015 மில்லிமோல்தான். 3-க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

உங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தில் ‘எலக்ட்ரோலைட்ஸ்’ என்று எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனையிலும் பொட்டாசியத்தைப் பெரும்பாலும் அளந்து சொல்வது இதே வாலினோமைசின் சவ்வுதான்.

இந்த மின்முனையை எப்படிச் செய்கிறார்கள்?

பெரும்பாலும் கையால், அன்றன்றைக்கு. இரண்டு துளைகள் உள்ள கண்ணாடிக் குழாயை நடுவில் சூடாக்கி இழுப்பான் கருவியில் இழுத்தால், அது இரண்டு கூர்முனைகளாகப் பிரியும். முனையின் குறுக்களவு 2 முதல் 4 மைக்ரோமீட்டர்.

அடுத்து வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கண்ணாடி இயல்பிலேயே நீரை விரும்பும். வாலினோமைசின் கலவையோ எண்ணெய் போன்றது. அப்படியே நிரப்பினால் கண்ணாடிக்கும் எண்ணெய்க்கும் இடையே நீர் மெல்லிய படலமாக ஏறி, சவ்வைச் சுற்றிக் குறுக்குவழி போட்டுவிடும். மின்னழுத்தம் காணாமல் போகும். அதைத் தடுக்க சிலேன் வகைச் சேர்மத்தின் ஆவியைக் குழலுக்குள் செலுத்திச் சூட்டில் வைத்து, உட்சுவரை நீர் ஒட்டாததாக்குகிறார்கள். ஒரு துளைக்கு மட்டும்தான் இந்தப் பூச்சு வேண்டும். இன்னொரு துளையில் அந்த ஆவி போய்விடக் கூடாது. அதனால் அதில் நீரை நிரப்பி வைப்பார்கள், அல்லது நைட்ரஜன் வாயுவை ஊதிக்கொண்டே இருப்பார்கள். அன்றைய ஈரப்பதம், கண்ணாடியின் சுத்தம், சூட்டின் அளவு என்று எல்லாமே இதில் கை வைக்கும். நன்றாகப் பழகியவர்கள் செய்தாலும் சில மின்முனைகள் தேறாது.

பூச்சுப் பெற்ற துளையின் நுனியில் வாலினோமைசின் கலவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு உயரத்துக்கு ஏறி நிற்கும். அதன் பின்னால் பொட்டாசியம் குளோரைடு கரைசல், அதில் சில்வர் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி. மற்றத் துளையில் சோடியம் குளோரைடு கரைசல்; மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஒப்பீட்டு மின்முனை அதுதான். பொதுவாக மின்வேதியியலில் ஒப்பீட்டு மின்முனைக்குச் செறிவான பொட்டாசியம் குளோரைடைத்தான் நிரப்புவோம். இங்கே அதைச் செய்தால் முனையிலிருந்து கசியும் பொட்டாசியத்தையே நாம் அளந்துகொண்டிருப்போம்.

இந்தச் சவ்வின் மின்தடை பல நூறு கோடி ஓம். சாதாரண வோல்ட்மீட்டரை இணைத்தால் மீட்டரே மின்னழுத்தத்தை உறிஞ்சிவிடும். அதைவிடப் பல்லாயிரம் மடங்கு உள்மின்தடை கொண்ட பெருக்கி வேண்டும். பக்கத்தில் ஒருவர் கையை அசைத்தாலே திரையில் கோடு துள்ளும். அதனால்தான் எல்லாமே உலோகக் கூண்டுக்குள் நடக்கிறது.

எதற்கு இரண்டு துளை? ஒப்பீட்டு மின்முனையைத் தோலுக்கடியில் எங்காவது வைத்தால் போதாதா?

போதாது. மூளையில் அயனி மாறும் நேரத்தில் அந்த இடத்தின் மின்புலமும் மாறுகிறது. அயனி மின்முனை இரண்டையும் சேர்த்தே காட்டும்.

பரவும் மின்னிறக்க அலை ஒன்று கடந்து போவதாக வைத்துக்கொள்வோம் (அது என்ன என்று அடுத்த பதிலில் வருகிறது). பொட்டாசியம் 3-இலிருந்து 60-க்குப் போகிறது. சவ்வு 80 மில்லிவோல்ட் ஏற்றம் தர வேண்டும். அதே நேரத்தில் அந்த இடத்தின் மின்னழுத்தம் 20 மில்லிவோல்ட் கீழே போகிறது. ஒப்பீட்டு மின்முனை தொலைவில் இருந்தால் திரையில் தெரிவது 60 மில்லிவோல்ட்தான். அதைக் கணக்கிட்டால் பொட்டாசியம் சுமார் 28 மில்லிமோல் என்று வரும். உண்மையில் பாதியைக்கூட எட்டாத பதில். பார்க்க அழகான வளைவுதான். எண் மட்டும் தவறு. ஒப்பீட்டுத் துளை அயனித் துளைக்கு ஒட்டினாற்போல் இருந்தால் இரண்டும் ஒரே மின்புலத்தைக் காணும், கழித்துவிடலாம்.

இவற்றால் மூளையைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது?

முதலில் சொல்ல வேண்டியது பரவும் மின்னிறக்கம், அதாவது லியாவோவின் அலை. பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டைட்ஸ் லியாவோ, ஹார்வர்டில் ஆய்வு செய்தபோது முயலின் பெருமூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கில்) ஒரு வினோதத்தைக் கண்டு 1944-இல் வெளியிட்டார். ஓரிடத்தைத் தூண்டியதும் அங்கே மின்செயல்பாடு அடங்கிப்போனது. அந்த அமைதி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் பரவியது. நரம்புத் துடிப்பு நொடிக்கு மீட்டர் கணக்கில் ஓடுவது, இது ஊர்கிறது. நரம்பு வழியாகப் போகும் எந்த மின்சைகையும் இவ்வளவு மெதுவாகப் போகாது. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1941-இல், உளவியலாளர் கார்ல் லாஷ்லி தனக்கு வந்த ஒற்றைத் தலைவலியின்போது கண்ணில் தெரிந்த குருட்டுப் புள்ளி விரிந்த விதத்தை வரைந்து வைத்து, பார்வைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணக்கிட்டிருந்தார். வேகம் இரண்டும் பொருந்தின.

பொட்டாசியம்தான் இதைச் சுமந்து போகிறது என்ற கருத்தை பெர்னிஸ் கிராஃப்ஸ்டீன் 1956-இல் முன்வைத்தார். செல்லிலிருந்து கசிந்த பொட்டாசியம் பக்கத்துச் செல்லைத் தூண்டி, அதுவும் கசியவிட்டு, இப்படியே தொடர்கிறது என்பது அவர் வாதம். அதை மூளைக்குள்ளேயே அளந்து பார்க்கக் கருவி வேண்டியிருந்தது. 1972-இல் ப்ராக் நகரில் விஸ்கோசில், க்ரிஷ், புரேஷ் மூவரும் எலியின் புறணியில் பொட்டாசிய நுண்மின்முனையை இறக்கினார்கள். அலை கடக்கும்போது வெளிப்பொட்டாசியம் பல பத்து மில்லிமோலுக்குத் தாவி, ஓரிரு நிமிடங்களில் திரும்ப இறங்கியது. பின்னர் வந்த அளவீடுகள் படத்தை நிறைவு செய்தன: பொட்டாசியம் 30 முதல் 60 மில்லிமோல் வரை ஏறுகிறது, சோடியம் பாதிக்கும் கீழே சரிகிறது, கால்சியம் 1.2-இலிருந்து 0.1 மில்லிமோல் அளவுக்குப் போகிறது.

60 மில்லிமோல் என்றால் என்ன அர்த்தம் என்று நெர்ன்ஸ்ட் சமன்பாடே சொல்கிறது. வெளியே 3 இருக்கும்போது பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் ஏறத்தாழ மைனஸ் 103 மில்லிவோல்ட். வெளியே 60 ஆனால் அது மைனஸ் 23. அந்த நிலையில் நரம்பு செல்லால் துடிக்கவே முடியாது. லியாவோ கண்ட அமைதி அதனால்தான். நலமான மூளை தன் ஆற்றலைக் கொட்டி இதிலிருந்து மீண்டுவிடுகிறது. ரத்த ஓட்டம் நின்றுபோன மூளையில் பம்பு இயங்க ஆற்றல் இல்லை. முதல் ஓரிரு நிமிடங்கள் பொட்டாசியம் மெல்ல 10 மில்லிமோல் வரை ஏறும். பிறகு திடீரென்று 50, 60-ஐத் தாண்டும். ரத்த ஓட்டம் திரும்பினால் ஒழிய அது இறங்காது. பக்கவாத ஆய்வில் நேரம் பற்றி இவ்வளவு பதற்றம் இருப்பதற்கு இந்த வளைவும் ஒரு காரணம்.

வலிப்பு நோயிலும் பொட்டாசியம் இப்படித்தான் ஏறுமா?

ஏறும், ஆனால் ஒரு கூரை உண்டு. பூனையின் புறணியில் எவ்வளவு பலமாகத் தூண்டினாலும், வலிப்பே வந்தாலும், பொட்டாசியம் 10 முதல் 12 மில்லிமோலுக்கு மேல் போவதில்லை என்று ஹைனமனும் லுக்ஸும் 1977-இல் காட்டினார்கள். அதைத் தாண்டிவிட்டால் பரவும் மின்னிறக்கம்தான்.

கூரையைத் தாங்குவதில் பெரும்பங்கு கிளியா செல்களுக்கு. குஃப்ளர், நிக்கோல்ஸ், ஆர்கண்ட் மூவரும் 1966-இலேயே நீர்வாழ் உயிரி ஒன்றின் பார்வை நரம்பில், பக்கத்து நரம்பிழைகள் துடிக்கும்போது கிளியா செல்லின் மின்னழுத்தம் வெளிப்பொட்டாசியத்தைப் பின்தொடர்ந்து மாறுவதைக் கண்டார்கள். கூடும் பொட்டாசியத்தை இச்செல்கள் உறிஞ்சுகின்றன, குறைவாக இருக்கும் பக்கம் கடத்தியும் விடுகின்றன. அதற்கு அவை நம்பியிருக்கும், அயனிகள் கடந்துபோகும் புரதத் துளைகளான கால்வாய்களில் ஒன்றின் மரபணு பழுதானால் வலிப்பு, தள்ளாட்டம், காது கேளாமை, சிறுநீரகக் கோளாறு நான்கும் சேர்ந்து வருகின்றன என்று 2009-இல் தெரிந்தது. ஒரே கால்வாய் மூளையிலும் உள்காதிலும் சிறுநீரகத்திலும் பொட்டாசியத்தைக் கையாள்வதால் வரும் விளைவு அது.

இந்த ஆரம்ப கால அளவீடுகளில் லுக்ஸோடு கைகோத்தவர்களில் எர்வின் நேயரும் ஒருவர். தனி அயனிக்கால்வாயின் மின்னோட்டத்தைப் பதிவு செய்ததற்காக 1991-இல் நோபல் பரிசு பெற்ற அதே நேயர்தான்.

கால்சியம்?

மூளைச் செல்களுக்கு வெளியே 1.2 மில்லிமோல், உள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ரத்தத்தில் ‘மொத்தக் கால்சியம்’ என்று வரும் எண்ணில் ஏறத்தாழ பாதி புரதம் முதலியவற்றோடு ஒட்டியிருப்பது. மின்முனை தனித்துத் திரியும் அயனியை மட்டுமே காணும்; செல்லுக்கும் அதுதான் கணக்கு.

1970-களின் பின்பாதியில் சைமன் குழுவின் கால்சிய மூலக்கூறு கைக்கு வந்தபோது, செல்களுக்கு வெளியே உள்ள கால்சியம் மாறாதது என்ற நம்பிக்கை உடைந்தது. நரம்பு செல்கள் தீவிரமாக இயங்கினால் கால்சியம் உள்ளே புகுந்து வெளியே குறைகிறது. குறைந்த கால்சியம் செல்களை இன்னும் எளிதில் தூண்டப்படக்கூடியவை ஆக்குகிறது. கால்சியமே இல்லாத அளவுக்குக் குறைத்து, செல்களுக்கு இடையிலான வேதிச் சைகையையே நிறுத்திவிட்ட ஹிப்போகேம்பஸ் (நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதி) திசுத் துண்டுகளில்கூட வலிப்பு போன்ற ஒத்திசைவுத் துடிப்பு எழுவதை 1982-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. நரம்பு செல்கள் வேதிச் சைகை பரிமாறிக்கொள்ளாமலே ஒன்றாகத் துடிக்க முடியும், சூழ்ந்திருக்கும் திரவத்தின் அயனி அளவுக்கும் அதில் பங்கு உண்டு என்பது எனக்கு இந்தத் துறையின் மிக ஆழமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகத் தோன்றுகிறது.

பி.எச். அளவையும் இப்படியே அளக்கலாமா?

அளக்கலாம். ட்ரைடோடெசைலமின் என்ற சேர்மம் அதற்குப் பயன்படுகிறது. மூளைத் திரவத்தின் பி.எச். சுமார் 7.3, ரத்த ஓட்டம் தடைபட்டால் லாக்டிக் அமிலம் சேர்ந்து 7-க்குக் கீழே இறங்கும்.

மூளைக்குள் கண்ணாடியைச் செருகினால் அந்த இடம் கெட்டுவிடாதா? பிறகு அந்த எண்ணை எப்படி நம்புவது?

நியாயமான சந்தேகம். செல்களுக்கு இடையிலான இடுக்கு பல பத்து நானோமீட்டர் அகலம்தான். மின்முனை முனை 3 மைக்ரோமீட்டர் என்றால் அது இடுக்கைவிட ஐம்பது மடங்குக்கு மேல் பெரியது. ஆக, மின்முனை இடுக்குக்குள் நுழைவதில்லை. திசுவைக் கிழித்துத் தனக்கென ஒரு சிறு குட்டையை உண்டாக்கிக்கொண்டு, சுற்றியுள்ள இடுக்குகளிலிருந்து அங்கே பரவி வரும் அயனியை அளக்கிறது. செருகியவுடன் கிழிந்த செல்களின் பொட்டாசியத்தால் அளவு எகிறும். காத்திருந்தால் 3 மில்லிமோலுக்கு இறங்கி நிலைக்கும். இறங்காத பதிவை எறிந்துவிட வேண்டும். விரைவான, மிகச் சிறிய இடத்துக்குரிய மாற்றங்களை இந்தக் குட்டை கொஞ்சம் மழுங்கடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் பிளவில் ஒரு மில்லிநொடியில் நடப்பதை இதனால் பார்க்க முடியாது.

கார்பன் இழை மின்முனையால் டோபமைன் அளக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இரண்டும் மின்வேதியியல்தான், முறை வேறு. கார்பன் இழையில் மின்னழுத்தத்தை நாமே மேலும் கீழும் வேகமாக மாற்றி, டோபமைன் (நரம்பு செல்களுக்கு இடையே செய்தி சுமக்கும் மூலக்கூறு) எலக்ட்ரானை இழக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறோம். பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவை நீர்க்கரைசலில் அந்த மின்னழுத்தங்களில் எலக்ட்ரானை வாங்கவும் மாட்டா, கொடுக்கவும் மாட்டா. ஆகவே அவற்றுக்குச் சவ்வு முறைதான் வழி. தாமிரம் போன்ற அயனிகளைக் கார்பன் இழையால் அளக்கும் முயற்சிகள் உண்டு.

குறுக்கீட்டால் நன்மை எதுவும் கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. முன்பு சொன்ன பழைய கார்னிங் திரவம் பொட்டாசியத்தைவிட டெட்ராமெத்தில்அம்மோனியம் என்ற அயனியை மிக அதிகமாக விரும்பும். நரம்புச் சைகை மூலக்கூறான அசெட்டைல்கோலின் போன்றவையும் அதைக் குழப்பும். பொட்டாசியம் அளப்பவர்களுக்கு இது தலைவேதனை. நியூயார்க்கில் சார்லஸ் நிக்கல்சன் இதையே கருவியாக்கினார். டெட்ராமெத்தில்அம்மோனியம் செல்லுக்குள் எளிதில் போகாது. ஒரு நுண்குழாயிலிருந்து அதை அளவோடு விட்டு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தள்ளி இன்னொரு மின்முனையால் அது வந்துசேரும் வளைவைப் பதிந்தால், இடைவெளி எவ்வளவு, பாதை எவ்வளவு வளைந்து நெளிந்தது இரண்டையும் கணக்கிடலாம். நிக்கல்சனும் பிலிப்ஸும் 1981-இல் வெளியிட்ட இந்த முறையிலிருந்துதான் ‘ஐந்தில் ஒரு பங்கு’ என்ற எண் உயிருள்ள திசுவில் உறுதிப்பட்டது.

இதே முறையைக் கொண்டு 2013-இல், சுண்டெலிகளில் விழிப்பின்போது 14 சதவீதமாக இருக்கும் இடைவெளி தூக்கத்தில் 23 சதவீதமாக விரிகிறது என்று ரோசெஸ்டர் பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. தூக்கத்தில் மூளை கழிவை வெளியேற்றுகிறது என்ற செய்தி அதன் பிறகுதான் எங்கும் பரவியது. கழிவு வெளியேற்றம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. 2016-இல் அதே ஆய்வகம் அயனி மின்முனைகளால் அளந்து, விழிப்பில் பொட்டாசியம் கூடுதலாகவும் கால்சியமும் மெக்னீசியமும் குறைவாகவும் இருப்பதைக் காட்டியது. இந்த அயனிக் கலவையை மாற்றினாலே எலியின் மூளை நிலையைத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே திருப்ப முடிந்தது.

ஒளிரும் புரதங்கள் வந்துவிட்ட பிறகும் இந்தக் கண்ணாடிக் குழல் தேவையா?

தேவை. ஒளிரும் கால்சியப் புரதங்கள் ஆயிரக்கணக்கான செல்களை ஒரே நேரத்தில் காட்டுகின்றன. மின்முனை ஒரு புள்ளியை மட்டுமே காட்டும். இடப்பரப்பு வேண்டுமென்றால் ஒளிதான். ஆனால் அந்தப் புரதங்கள் பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும் கால்சியத்தைக் காட்டுபவை. அதோடு ஒளியின் பிரகாசத்தை மில்லிமோலாக மாற்றுவது கடினம். வெளிச்சம், ஆழம், பி.எச். எல்லாம் அதில் தலையிடும். பொட்டாசியத்துக்கான ஒளிரும் உணரிகள் அண்மைக் காலத்தில் வந்திருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்கவும் கடைசியில் மின்முனையிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

சிப் வடிவில் இந்த உணரிகள் வரவில்லையா?

வந்து பல காலம் ஆகிறது. நெதர்லாந்தின் பீட் பெர்க்வெல்ட் 1970-இல் அயனி உணரும் டிரான்சிஸ்டரை அறிமுகப்படுத்தினார். அதை அவர் உருவாக்கியதே நரம்பியல் அளவீட்டுக்காக. பிறகு அது பி.எச். மீட்டர்களில்தான் பெரிதாகப் பேர் வாங்கியது. இன்றைய முயற்சிகள் உள்ளே நிரப்பும் கரைசலை ஒழித்து, சவ்வுக்கும் உலோகத்துக்கும் நடுவே கடத்தும் பாலிமரையோ கார்பனையோ வைக்கின்றன. உடையாது, வளையும், பல அயனிகளை ஒரே சமயத்தில் பார்க்கலாம். சவ்வுக்கும் உலோகத்துக்கும் இடையே நீர் புகுந்தால் மின்னழுத்தம் மணிக்கணக்கில் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். இந்த நகர்வை அடக்குவதுதான் இன்றைய சவால். பல நாள் உள்ளேயே வைத்து அளக்க வேண்டுமானால் திசுவின் வடுவும் புரதப் படிவும் சேர்ந்துகொள்கின்றன.

மனித மூளையில் அளந்திருக்கிறார்களா?

மிக அரிதாக. உடையக்கூடிய கண்ணாடியையும், நச்சுத்தன்மை கொண்ட வாலினோமைசினையும் ஒருவர் மூளைக்குள் இறக்க மருத்துவர்கள் தயங்குவது சரியே. 1990-களில் இஸ்ரேலில் அவ்ரஹாம் மயேவ்ஸ்கி குழு, தலைக்காயம் பட்ட நோயாளிகளின் மூளைப் பரப்பின் மேல் வைக்கும் கூட்டு உணரியில் பொட்டாசிய மின்முனையையும் சேர்த்திருந்தது. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவும் மின்னிறக்கத்தைப் பதிவது மூளைப் பரப்பில் வைக்கும் மின்முனைப் பட்டைகள். அவை அயனியை அளப்பதில்லை. மின்னழுத்த மாற்றத்தை மட்டுமே தருகின்றன. அந்த மாற்றத்துக்கு என்ன பொருள் என்று விலங்குகளில் அயனி மின்முனை ஏற்கனவே சொல்லிவைத்திருப்பதால்தான் அதைப் படிக்க முடிகிறது.

ஓர் ஆய்வுக் கட்டுரையில் மூளை அயனி அளவைப் படிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அளவுத்திருத்தம், அதாவது தெரிந்த கரைசல்களில் வைத்து மின்முனையைச் சரிபார்ப்பது. பரிசோதனைக்கு முன்பும் பின்பும், 150 மில்லிமோல் சோடியம் பின்னணியில், 37 டிகிரியில் செய்தார்களா? வெறும் நீரில் கரைத்த பொட்டாசியத்தில் அழகாக 60 மில்லிவோல்ட் சரிவு காட்டும் உணரி, மூளைத் திரவத்தில் சோடியத்தையும் சேர்த்துப் படிக்கலாம். முன்பும் பின்பும் ஓரிரு மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பதிவு தரும் மில்லிமோல் எண்ணை நான் நம்பமாட்டேன். ஏற்ற இறக்கத்தின் வடிவத்தை வேண்டுமானால் ஏற்கலாம்.

அடுத்து, ஒப்பீட்டு மின்முனை எங்கே இருந்தது என்பது. பிறகு ஓய்வு நிலை அளவு. மயக்கத்தில் இருக்கும் நலமான விலங்கின் புறணியில் பொட்டாசியம் 3-ஐ ஒட்டி இல்லாமல் 6, 7 என்று வந்திருந்தால், ஒன்று திசு பழுதாகியிருக்கிறது அல்லது உணரி பொய் சொல்கிறது. புதிய உணரிகளைப் பற்றிய கட்டுரைகள் பல, கண்ணாடிக் குவளையில் செய்த அளவீட்டுக்குப் பத்து படம் போட்டுவிட்டு, உயிருள்ள மூளைக்கு ஒரே ஒரு படம் தருகின்றன. அந்த ஒரு படத்தில்தான் நேரம் செலவிட வேண்டும்.

இதைக் கற்க எங்கிருந்து தொடங்கலாம்?

இளநிலை வேதியியலில் வரும் நெர்ன்ஸ்ட் சமன்பாடும், ஆய்வகத்தில் ஒரு பி.எச். மீட்டரும் போதும். தெரிந்த பொட்டாசியக் கரைசல்கள் நான்கைத் தயாரித்து, சாதாரண பொட்டாசிய மின்முனையால் மில்லிவோல்ட்டைக் குறித்து, செறிவின் மடக்கைக்கு எதிராக வரைந்து பாருங்கள். 25 டிகிரியில் பத்து மடங்குக்கு 59 மில்லிவோல்ட் சரிவு வர வேண்டும். பிறகு அதே நான்கு கரைசலிலும் 150 மில்லிமோல் சோடியம் குளோரைடு சேர்த்து மறுபடி வரையுங்கள். குறைந்த செறிவுப் பக்கத்தில் கோடு எவ்வளவு வளைகிறது என்பதைப் பார்த்தால், உங்கள் கையில் இருக்கும் சவ்வு மூளைக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துவிடும்.